அட்டவணையில் இல்லாத தீவு

அந்தமானுக்குப் போய்ச் சேருவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. சென்னையில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பல்தான் வேண்டும் என்றால் சுமார் 1,190 கி.மீ. தூரம், கடல் ஒத்துழைத்தால் மூன்று நாள். சிக்கல் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான். தீவு, திட்டு, பாறை என்று எல்லாம் சேர்த்து அரசாங்கக் கணக்கில் 836. மக்கள் வசிப்பவை 31. அவற்றில் சுற்றுலாப் பயணி இறங்கி நடக்கக்கூடியவை இன்னும் குறைவு. எதை எடுப்பது, எதை விடுவது?

கோவையில் ஒரு கூட்டுறவு வங்கி ஊழியரின் வீட்டில் இந்தக் கேள்வி ஆகஸ்ட் மாதமே ஆரம்பித்துவிட்டது. அவர், பள்ளி ஆசிரியையான மனைவி, 14 வயதுப் பையன், 10 வயதுப் பெண், 72 வயது அம்மா. அரையாண்டு விடுமுறைக்கு ஒன்பது நாள். பயண ஏஜென்ட் கொடுத்த அச்சிட்ட தாளில் ஆறே நாளில் எல்லாம் அடங்கியிருந்தது: போர்ட் பிளேர், ராஸ் தீவு, நார்த் பே, ஹேவ்லாக், நீல், மேல் தொகைக்கு பாராடாங். (பெயர்கள் எல்லாம் பழையவை. 2018 டிசம்பரிலேயே ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும், ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும் ஆகிவிட்டன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஏஜென்ட்டுகளின் தாளும் ஆட்டோக்காரர்களின் நாக்கும் இன்னும் மாறவில்லை.)

தாளைப் பார்த்ததும் ஆளுக்கொரு ஆசை. பையனுக்கு ஹேவ்லாக்கில் ஸ்கூபா. பெண்ணுக்கு, தாத்தா சேர்த்து வைத்துவிட்டுப் போன பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் தென்னை மரங்களையும் கலங்கரை விளக்கத்தையும் நேரில் பார்க்க வேண்டும். அந்தக் காட்சி நார்த் பே பக்கத்ததுதான். அப்பாவுக்கு பாராடாங்கின் சேற்று எரிமலை. அம்மாவுக்கு யாரும் எதையும் தவறவிடாமல் ஊர் திரும்ப வேண்டும். அது ஆசையில் சேராது என்றாலும், திட்டம் போடுகிற வேலை அவர் தலையில்தான் விழுந்தது.

கடைசியாகப் பாட்டியைக் கேட்டார்கள். மரியாதைக்குத்தான். கடற்கரையில் உட்கார ஒரு நாற்காலி போதும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். பாட்டி தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டி, மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தார்.

"இதுல கச்சால் இல்லையே?"

கச்சால் எந்த ஏஜென்ட்டின் தாளிலும் இல்லை. அது நிக்கோபார் மாவட்டத்தில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து தெற்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பத்து டிகிரி கால்வாய் என்று ஒரு கடல் பரப்பு. பெயர்தான் கால்வாய், அகலம் சுமார் 150 கி.மீ., அலையும் சாமானியப்பட்டதல்ல. ராஜேந்திர சோழன் பதினோராம் நூற்றாண்டில் வென்ற இடங்களின் பட்டியலில் வரும் மாநக்கவாரம் இந்த நிக்கோபார்தான் என்பது வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. அவனுடைய படைக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டிருக்காது. இன்றைக்கு இந்தியக் குடிமகனுக்கே தேவை. 1956-ம் வருடத்திய பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நிக்கோபார் தீவுகள் பாதுகாக்கப்பட்ட பகுதி. சுற்றுலாவுக்கு அங்கே இடமில்லை.

பாட்டிக்குக் கச்சாலில் என்ன வேலை என்பதற்குப் பதில் இலங்கையில் இருக்கிறது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர்கள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களை இத்தனை கச்சிதமாக வகுத்த கணக்கு உலகத்தில் அதிகம் இருக்காது. குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு சரியாக வரவில்லை.

பாட்டியும் அவருடைய அக்காவும் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில் பிறந்தவர்கள். அக்காவைக் கட்டியவர் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். தங்கை ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுக் கொழுந்து எடுக்கப் போனார். 1970-களின் நடுவில் இரண்டு குடும்பமும் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் ஒன்றாக இருந்தன. பிறகு கைத்தொழில் பிரித்துவிட்டது. தேயிலை தெரிந்தவர்களுக்குக் கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டம். ரப்பர் தெரிந்தவர்களுக்கு, நிக்கோபாரில் அரசு ரப்பர் போட்டுக்கொண்டிருந்த ஒரு தீவு. அக்கா குடும்பம் மறுபடி கப்பல் ஏறியது. "ரெண்டு வருசத்துல ஒரு தடவ வந்து பாக்குறேன்டி" என்று சொல்லிவிட்டுப் போன அக்கா வந்தது ஒரே ஒரு தடவைதான். 1989-ல், பாட்டியின் மூத்த பெண் கல்யாணத்துக்கு.

கச்சாலைப் பற்றி நாடு முழுக்கப் பேசியதும் ஒரு தடவை உண்டு. 2000-ம் ஆண்டு பிறந்தபோது, கிரீன்விச்சில் நள்ளிரவு அடிக்கும் கணத்தில் சூரியன் உதிக்கும் இடம் என்று அந்தத் தீவைச் சொன்னார்கள். புத்தாயிரத்தின் முதல் சூரியன் கச்சாலில் என்று விளம்பரம் நடந்தது. பூட்டியிருந்த தீவுக்குக் கொஞ்சம் பயணிகள்கூடப் போனார்கள். ஐந்து வருடம் முடிவதற்குள், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்ரா கடலில் நிலம் அதிர்ந்தது. நிக்கோபார் தீவுகளில் நிலமே தாழ்ந்துபோனது. தென்கோடி இந்திரா முனையில் நாலு மீட்டருக்கும் மேல். கச்சாலில் 2001 கணக்கெடுப்பின்போது ஐயாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். 2011-ல் 2,685 பேர். செத்தவர்கள், காணாமல் போனவர்கள், முகாமிலிருந்து திரும்பிப் போக மனமில்லாதவர்கள் எல்லாரும் இந்த வித்தியாசத்தில் அடக்கம்.

பாட்டியின் அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருந்தார்கள். மகள் மட்டும் அன்றைக்கு மேட்டில் இருந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினார். போர்ட் பிளேர் நிவாரண முகாமிலிருந்து அவர் கூடலூருக்குப் போன் செய்து சேர ஜனவரி பாதி ஆகிவிட்டது. பின்னாளில் கணவரோடு கச்சாலுக்கே திரும்பிவிட்டார். இப்போது ஐம்பது தாண்டியவர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் பேச்சு, அதுவும் சிக்னல் இருக்கிற பொழுதில். 1989-க்குப் பிறகு நேரில் பார்க்கவில்லை.

இதெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பெரிய பாட்டி சுனாமியில் போய்விட்டார் என்று தெரியும். அந்தமானுக்குப் போகிற திட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவர் மகன். அவருக்கும் கச்சால் என்றால் ஒரு போன் நம்பர்தான்.

அதன்பிறகு திட்டம் போடுவது வேறு மாதிரி ஆனது. அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தால் என்ன என்று மகன் கேட்டார். சொந்தக்காரர் அங்கேயே இருக்கும்போது கேட்டுப் பார்ப்பதில் தவறில்லைதான். கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். போர்ட் பிளேரிலிருந்து நிக்கோபார் போகும் அரசுக் கப்பல் நினைத்த நாளில் கிடையாது. அட்டவணை வரும், மாறும், வானிலை கெட்டால் மறுபடி மாறும். இடம் முதலில் தீவுவாசிகளுக்கு. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அவர்களுக்கு அதுதானே பஸ்? போகிற கப்பலில் இடம் கிடைத்தாலும் திரும்புகிற கப்பல் எப்போது என்று உத்தரவாதம் இல்லை. ஒன்பது நாளில் அது ஆகாது. இரவெல்லாம் ஆடும் கப்பலில் 72 வயதில் ஏணியேறி இறங்குவது தனிக் கதை.

அந்தச் சட்டத்தின் மேல் கோபப்படவும் முடியாது. அடைத்து வைத்திருப்பதால்தான் நிக்கோபாரிகளின் நிலமும் தென்னந்தோப்பும் அவர்கள் கையில் இருக்கின்றன. திறந்துவிட்ட தீவுகளில் கடற்கரை யார் கையில் இருக்கிறது என்று ஹேவ்லாக்கில் ஒரு நடை நடந்தால் தெரியும்.

போகமுடியாது என்று மருமகள்தான் போய்ச் சொன்னார். பாட்டி அதிகம் பேசவில்லை. "அவளாவது போர்ட் பிளேர் வர முடியுமான்னு கேளு" என்றார்.

கேட்டார்கள். வருகிறேன் என்றார் அக்கா மகள். "கப்பல் என்னிக்குன்னு மட்டும் கேக்காதீங்க சின்னம்மா. கெடைக்கிற கப்பல்ல ஏறிடுறேன்."

பல தீவுகளைச் சுற்றும் திட்டத்தில் எல்லாரும் செய்கிற தவறை இந்த இடத்தில் சொல்லிவிடலாம். ரயில் பயணத்தில் இன்னொரு ஊரைச் சேர்த்தால் இன்னொரு ஸ்டேஷன், அவ்வளவுதான். கடலில் இன்னொரு தீவைச் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும். ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை மணி, அரசுப் படகில் இரண்டு, இரண்டரை மணி என்று போட்டிருப்பார்கள். ஜெட்டிக்கு முன்கூட்டியே போய் நிற்பது, பெட்டியை எக்ஸ்ரேயில் விடுவது, இறங்கி ஜீப் தேடுவது, அறை தயாராகும்வரை வரவேற்பறையில் தூங்கி வழிவது, இவை தாளில் வராது. இன்னொன்று, சூரியன். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தொலைவில் இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் இறங்கிவிடும். கோவைப் பழக்கத்தில் நாலரை மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்புகிறவர் இருட்டைத்தான் பார்ப்பார். விடியலோ ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடும். பிள்ளைகளை எழுப்ப முடிந்தவர்களுக்கு அந்தமானில் நாள் நீளம்.

டிசம்பருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது பலருக்கு நினைவிருக்கும். அதே புயல் அதற்கு முன்பு, உருவாகிற நிலையில், அந்தமான் மேல் நின்று மழை கொட்டியது. படகுகள் நின்றன. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் அதிகமான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன. அதனால் அனுபவப்பட்டவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஊர் திரும்புகிற விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில் தூங்கு. வெளித்தீவிலிருந்து காலைப் படகில் வந்து மதியம் விமானம் ஏறும் திட்டம், ஏஜென்ட்டுக்கு மட்டுமே பாதுகாப்பான திட்டம்.

மருமகள் ஒரு நோட்டில் ஒன்பது கட்டம் போட்டார். முதலிலும் கடைசியிலும் விமானம். மிச்சம் ஏழு. அக்கா மகளின் கப்பல் எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரியாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊருக்குப் போகிற நிக்கோபாரிகளின் கூட்டம் வேறு. நிக்கோபாரிகள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். கப்பல் எந்தத் திசையில் நிறையும், எந்தத் திசையில் காலியாக வரும் என்று கோவையில் உட்கார்ந்து யோசிக்கிற நிலை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: கப்பல் எப்போது வந்தாலும் பாட்டி போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். வேறு தீவுக்குப் போவதென்றால் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போவது.

எனவே வெட்டு விழுந்தது. முதலில் நீல் தீவு. நல்ல தீவு, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் குடியேறி, காய்கறி விளைவித்து, கடற்கரைகளுக்கு பரத்பூர், சீதாபூர், லட்சுமண்பூர் என்று ராமாயணப் பெயர் வைத்த தீவு. ஆனால் பெட்டியை இன்னொரு தடவை கட்டி அவிழ்க்க வேண்டும். யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை.

பாராடாங்குக்குத்தான் சண்டை. சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகையும் அப்பாவை இழுத்தன. அங்கே போகிற அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடிகளின் காட்டை ஊடுருவிப் போகிறது. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி வரிசையாக, காவலோடு அனுப்புகிறார்கள். வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எடுத்தால் குற்றம். காப்பகத்துக்குள் போகும் பகுதியில் அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2012-ல், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ ஒன்று வெளியாகி உலகமே காறித் துப்பியது. அதற்குப் பிறகும் 'அதிர்ஷ்டம் இருந்தா வழியில பாக்கலாம்' என்று கண்ணடிக்கிற ஏஜென்ட்டுகள் இல்லாமல் போகவில்லை.

"நாம எங்க அவங்கள பாக்கப் போறோம்? குகையத்தான் பாக்கப் போறோம்" என்றார் அப்பா. கடல் வழியாகவும் பாராடாங் போகலாம் என்று பையன் போனில் தேடிச் சொன்னான். அதற்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிராமலே சொன்னார்:

"தோட்டத்துல லயத்து வாசல்ல நாங்க நிப்போம். வெள்ளைக்காரங்க கார நிப்பாட்டிப் படம் புடிப்பாங்க. மூக்கு ஒழுகிட்டு நிக்கிற புள்ளையைத்தான் தேடிப் புடிப்பாங்க. எங்கம்மா எங்கள உள்ள இழுத்துக் கதவச் சாத்தும். அவங்களுக்குச் சாத்த ஒரு கதவுகூட இல்லையேப்பா."

பாராடாங் கட்டம் காலியானது. கப்பலுக்காகக் காத்திருக்க ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது என்று மருமகள் உடனே அதை எழுதிக்கொண்டார்.

போர்ட் பிளேரில் காத்திருக்கும் நாட்களை வீணான நாட்கள் என்று நினைக்கத் தேவையில்லை. செல்லுலார் சிறை ஒன்றுக்கே அரை நாள் வேண்டும். 1906-ல் கட்டி முடித்தபோது ஏழு கிளைகள், இப்போது நிற்பவை மூன்று. ஒரு அறைக்கைதி இன்னொருவன் முகத்தைப் பார்க்காதபடி கட்டியிருக்கும் சாமர்த்தியத்தைப் பார்த்தால் பதினாலு வயதுப் பையனும் ஸ்கூபாவைக் கொஞ்ச நேரம் மறப்பான். ராஸ் தீவு எதிரிலேயே இருக்கிறது; ஆலமர வேர்கள் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும் ஆங்கிலேயர் பங்களாக்கள். நார்த் பேயும் அதே படகு வழியில். பெண்ணின் 20 ரூபாய் அங்கே தீர்ந்துவிடும். வண்டூர் பக்கம் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்று இரு பவளத் தீவுகள். பவளத்துக்கு ஓய்வு கொடுக்க ஆறு மாதம் இது, ஆறு மாதம் அது என்று திறக்கிறார்கள். நம் ஊர்களில் மலைகளுக்கும் இப்படி ஒரு விடுமுறை கொடுத்தால் தேவலை. கடலில் இறங்குவதானால் வலை கட்டிய, காவலர் நிற்கிற இடத்தில் மட்டும். உப்புநீர் முதலைகள் கதைக்காகச் சொல்லப்படுவன அல்ல; 2010-ல் ஹேவ்லாக்கில் ஒரு பயணி பலியானார்.

தமிழுக்கும் அங்கே குறை இல்லை. 2011 கணக்குப்படி தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது, அபர்டீன் பஜாரில் இட்லி கிடைக்கிறது. பாட்டிக்கு அங்கே வழி கேட்க யாருடைய தயவும் தேவைப்படாது.

ஹேவ்லாக் மட்டும் நின்றது. மூன்று நாள், ஒரே அறை, ஒரே இடம். ராதாநகர் கடற்கரைக்கு இரண்டு மாலை. பையனின் ஸ்கூபா ஒரு காலை. கடைசி இரவுக்கு முந்தின படகில் திரும்பி போர்ட் பிளேர். அக்கா மகளுக்கும் சேர்த்து ஆறு டிக்கெட்.

26-ம் தேதிக் கட்டத்தில் மருமகள் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "அன்னிக்குப் படகு வேணாம். காலைல கடலுக்குப் பக்கத்துல எங்கயாவது கூட்டிட்டுப் போ, போதும்" என்றார். எந்த இடம் என்று கேட்டதற்கு, எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்றார். கட்டத்தில் 'காலை: கடற்கரை' என்று எழுதப்பட்டது.

விமான டிக்கெட் போட்ட அன்று கச்சாலுக்குப் போன் கிடைத்தது. தேதிகளைச் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து என்ன கொண்டுவர என்று மகன் கேட்டார். முறுக்கு, புளி, சேலை என்று பட்டியல் வரும் என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று அவர் இரண்டு தடவை "அக்கா, அக்கா" என்றார்.

"அம்மா படம் ஒண்ணு இருக்குமா தம்பி? எங்கிட்ட இருந்ததெல்லாம் வீட்டோட போயிருச்சு. சின்னம்மாகிட்ட பழசு எதுவும் இருந்தா..."

இருந்தது. இலங்கையை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அக்கா நாற்காலியில், தங்கை பின்னால் நின்றுகொண்டு; இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சேலை. பாட்டியின் டிரங்குப் பெட்டியில், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டைக்குள் மடிக்காமல் வைத்திருந்தார். மகன் அதை காந்திபுரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். முகத்தில் விழுந்திருந்த கறையை எடுத்துவிடலாம், கலர்கூட ஏற்றலாம் என்று கடைக்காரர் சொன்னார். கலர் வேண்டாம் என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உப்புக் காற்றுக்குத் தாங்க வேண்டும் என்பதால் கெட்டியாக லேமினேட் செய்து மூன்று பிரதி எடுத்தார்கள். ஒன்று கூடத்தில் மாட்ட. இரண்டு, அக்கா மகளுக்கு. ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்றார் பாட்டி.